காலிக் கட்டம்

மே மாதம் எனக்குச் சம்பளம் கிடையாது.
உத்தரவிலேயே இருக்கிறது:
பகுதிநேரம், வாரம் மூன்று அரை நாள்,
ஆண்டுக்குப் பதினொரு மாதம்.
நகல் ஒன்றை
வயிற்றுக்கும் அனுப்பியிருக்கலாம்.

அதனால் மே மாதங்களில்
உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மாடிப்படிக்கு அடியில் உள்ள பிரவுசிங் சென்டரில்
நாளுக்கு நானூறு ரூபாய்க்கு உட்காருகிறேன்.
விண்ணப்பம் ஒன்றுக்கு நூற்றைம்பது,
கலர் பிரிண்ட் தனி.
கல்லாவில் காசிமாயன்.
மின்விசிறி அவர் பக்கம் மட்டும் திரும்பும்.

ரிசல்ட் வந்த மறுநாள்
படி வரைக்கும் வரிசை.
பாதிப் பேர் என் பன்னிரண்டாம் வகுப்பு.
"மிஸ், இங்கயா இருக்கீங்க?"
பெஞ்சைத் தேடுவதுபோல் தேடி
பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள்
வினோதர்ஷினி, த/பெ ஒச்சுக்காளை.

அப்பா குண்டூரில் முறுக்குச் சுடுகிறார்.
ஓடிபி அவர் போனுக்குப் போகிறது.
எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு
அவர் ஒவ்வொரு எண்ணாக வாசிப்பதற்குள்
நேரம் முடிந்துவிடுகிறது.
மறுபடி அனுப்புகிறேன்.
மறுபடி துடைக்கிறார்.

கணக்கு தொண்ணூற்றொன்று.
வேதியியல் எண்பத்துநான்கு.
இயற்பியல் ஐம்பத்திரண்டு.
கட்ஆஃப் நூற்று ஐம்பத்தொன்பது.
அந்த ஐம்பத்திரண்டை
நான் அவளைவிட நன்றாக அறிவேன்.

ஆகஸ்ட் வரை இயற்பியலுக்கு ஆளே இல்லை.
பிறகு பெற்றோர் ஆசிரியர் கழகம்
செக்கானூரணியிலிருந்து எமல்டாவைக் கொண்டுவந்தது.
நன்றாக நடத்துவாள், சத்தமாகச் சிரிப்பாள்.
மூன்று மாதம் காசு வரவில்லை.
தீபாவளி விடுமுறைக்குப் போனவள் திரும்பவில்லை.
இப்போது திருமங்கலத்தில் நகைக்கடையில் பில் போடுகிறாள்.
"ஒண்ணாந்தேதி சம்பளம்க்கா" என்றாள்,
வேறு எதுவும் சொல்லவில்லை.
மிச்சப் பாடத்துக்கு நான் வீடியோ காட்டினேன்.
மின்னோட்டவியல்,
கரண்ட் இருந்த நாட்களில்.

நடுவில் கௌசிக்பாண்டி வந்தான்,
போன வருடத்துப் பையன்.
அரியர் ஃபார்ம் பிரிண்ட் எடுக்க.
நாலு பேப்பர்.
"அங்க எல்லாருக்கும் முன்னாடியே தெரியும்னு வச்சு
ஆரம்பிக்கிறாங்க மிஸ்.
எது முன்னாடின்னுதான் எனக்குத் தெரியல."
காசிமாயன் அவனிடம் பத்து ரூபாய் வாங்கினார்.

பெற்றோரின் ஆண்டு வருமானம் என்ற இடத்தில்
வினோதர்ஷினி விரல் மடக்கினாள்.
நானும் மனதுக்குள் என்னுடையதைப் போட்டேன்.
எக்செல் நடத்தும்போது சொல்லியிருக்கிறேன்:
காலி வேறு, பூஜ்யம் வேறு.
பன்னிரண்டு கட்டத்தில் ஒன்றைக் காலியாக விட்டால்
சராசரி அதைக் கண்டுகொள்ளாது,
மாதம் பன்னிரண்டாயிரம் என்றே காட்டும்.
அங்கே ஒரு பூஜ்யம் போட்டுப்பாருங்கள்,
பதினொன்றாக இறங்கும்.
பரீட்சைக்கு வரும், குறித்துக்கொள்ளுங்கள் என்றேன்.
வரவில்லை.

ஐந்தாவது ஓடிபி நின்றது.
விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.
மடித்து மடித்து நான்காகிப்போன
இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினாள்.
கல்லாவிலிருந்து காசிமாயன் பார்த்தார்.
வேண்டாம் என்று சொல்ல
எனக்கு வாய் வரை வந்தது.
நேற்றிலிருந்து வீட்டில் கேஸ் இல்லை.

வாங்கிக்கொண்டேன்.
மீதி ஐம்பதை எண்ணிக் கொடுத்தேன்,
ஒரே தாள்தான், ஆனாலும் எண்ணினேன்.

படியேறப் போனவள் திரும்பினாள்.
"தங்கச்சி இந்த வருசம் லெவன்த் வர்றா மிஸ்.
ஜூன்ல இருப்பீங்கள்ல?"

பின்னால் நின்ற பையன்
மார்க் ஷீட்டை மேசையில் வைத்துவிட்டான்.
பெயர் என்ன என்று கேட்டேன்.
எனக்குத் தெரிந்த பெயர்தான்.