தவணை

பண்டாரவளைக் கோட்டில் இன்று பதினான்காவது தவணை.
மலையில் எனக்கு இன்றைக்குப் பேர் இல்லை.
பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை.
பட்டியலில் மட்டும் அழியாமல் இருக்கிறது என் பேர்:
பயனாளி இலக்கம் பத்தொன்பது,
அ. செங்கமலம்,
வீடு ஒன்று, பெற்றுக்கொண்டேன், ஒப்பம்.
ஒப்பம் என்னுடையதுதான்.
அரிசிக்கு என்று சொல்லி வெறுந்தாளில் வாங்கினார்கள்.

பணிய லயத்தை மண் இறங்கி மூடிய வருஷம்
தூர தேசத்து அரசாங்கம் ஒன்று
இருபத்துநான்கு வீட்டுக்குக் காசு தந்தது.
நான்கு தவணையாம்.
முதலாவதற்கு அடிக்கல்.
இரண்டாவதற்குச் சுவர், ஜன்னல் உயரம் வரை.
மூன்றாவதற்குக் கல்வெட்டு, மூன்று மொழியில்;
கல்வெட்டுக்கு மட்டும் தகரக் கூரை.
நான்காவது வழியில் எங்கேயோ இறங்கிக்கொண்டது.

பதினெட்டு வருஷமாய்க் கொழுந்து எடுக்கிறவள்,
எனக்கு இது விளங்காமல் இல்லை.
தராசில் இருபத்திரண்டு காட்டும்.
சாக்குக்கு ஒன்று, தண்ணிக்கு இரண்டு கழித்துப்
பத்தொன்பது என்று எழுதுவார் கணக்குப்பிள்ளை,
வெயில் கொளுத்தும் நாளிலும்.
கடல் தாண்டி வந்த காசு
எத்தனை தராசு ஏறியதோ!
ஒவ்வொன்றிலும் அது நனைந்தே இருந்திருக்கும்.

போன மாசியில் கணக்குப் பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள்.
சப்பாத்தில் அட்டை ஏறியதற்கும் சிரித்தாள், நல்லவள்.
மொழிபெயர்த்தவன் கொந்தராத்துக்காரரின் மருமகன்.
நான் நீளமாய்ச் சொன்னேன்:
சீமெந்து, ராத்திரி வந்த லொறி, லொறியின் இலக்கம்,
மருதவீரன் கரியால் சுவரில் போட்டுவைத்த
முப்பத்தொரு கோடு.
அவன் ஒரே சொல்லில் முடித்தான்.
அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள்.
அந்தச் சொல்லை மறக்காமல் கொண்டுபோய்
மகளிடம் ஒப்பித்தேன்.
நன்றியோடு இருக்கிறார்கள் என்று அர்த்தமாம்.

பத்தேகாலுக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள்.
கோப்பு இன்னும் கொழும்பிலிருந்து வரவில்லை.
முதற் சாட்சி மருதவீரன் எங்கே என்றார் நீதவான்.
செத்துப்போனார் ஐயா,
ஆறாம் தவணைக்கும் ஏழுக்கும் நடுவில்.
முதலியார் அதைச் சிங்களத்தில் சொன்னார்.
நீதவான் ஒருதரம் கண்ணாடியைக் கழற்றினார்.
பிறகு திகதி.
மகளுக்கு மூன்றாம் தவணைப் பரீட்சை இருக்கிற அதே நாள்.

கோட்டுக்கு வந்ததற்கு ஒரு துண்டு கேட்டேன்,
தோட்டத்தில் காட்டினால் அரைப்பேராவது போடுவார்களே.
எழுதினார் லிகிதர்,
என் பேரைப் பிழையில்லாமல், முத்திரை குத்தி.
துண்டை விரலால் அழுத்திக்கொண்டு
தேத்தண்ணிக்கு ஐம்பது என்றார்.
நூறு ரூபாய்த் தாள்தான் இருந்தது.
அதை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார்.
மிச்சம்
அடுத்த தவணைக்கு.