ஏழாம் வரிசை

ஜூலையில்தான் வைப்பார்கள் அந்த விழாவை,
சால்ட்டோவில் ஆரஞ்சு உச்சத்தில் இருக்கும்போது.
விடுப்பு கேட்டால் மேஸ்திரி ஒசோரியோ
வானத்தைப் பார்ப்பார்,
அங்கே என் பெயரில் ஏதோ கடன் எழுதியிருப்பதுபோல.

ஐந்து நாள். இருபத்திரண்டு படங்கள்.
எல்லாம் பழசு, எல்லாம் அசல் சுருள்,
கீறலோடும் தூசியோடும்.
மான்டிவிடியோவுக்குப் பேருந்தில் ஏழு மணி நேரம்.
தங்க இடம் என்று எழுதி
அங்கேயே நிற்கிறது பேனா.

பதினோரு வருடமாகத் தங்க இடம் என்றால் நெலிடா வீடு.
முன்னறை சோபா, கால் நீட்டினால் குளிர்பெட்டி இடிக்கும்.
மாத்தே குடுவையைக் கைமாற்றிக்கொண்டே
அன்று பார்த்த நான்கையும்
விடிய விடிய மறுபடி ஓட்டுவோம்,
நாயகர்களைத் தூக்கிலிட்டு
வில்லன்களை மன்னித்து.

போன வருடம், கடைசி நாள்.
படத்தில் ஒருத்தி துறைமுகத்தில் நிற்கிறாள்.
கப்பல் வருகிறது. எல்லோரும் இறங்குகிறார்கள்,
பூனைக்கூண்டோடு ஒரு கிழவர்கூட.
அவன் இல்லை.
மறுநாளும் வந்து நிற்கிறாள், அதே தொப்பி.
எனக்குக் கண்ணீர் கழுத்துவரை.

நெலிடா சிரித்தாள்.
சின்னச் சிரிப்பில்லை.
மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது.
பியானோக்காரர் ஒரு கட்டையைத் தவறவிட்டார்.

வெளியே கடலோரச் சாலையில் காற்று.
அவள் குடை எங்கள் தலைக்கு மேல் மல்லாந்துகொண்டது.
நான் சொன்னேன்:
"நீ யாருக்காகவும் காத்திருந்ததில்லை, அதான்."

நரம்பில்லாத நாக்கு.
சொல்லி முடிக்கும்போதே நினைவு வந்தது ரூபென்,
அவள் தம்பி.
எழுபத்தாறில், சும்மா விசாரணைக்கு என்று
ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.
அவள் அம்மா சாகும்வரை கதவைத் தாழிடவில்லை.
அதற்குப் பிறகு இவளும் தாழிடவில்லை.
அந்த வீட்டில்தான்
பதினோரு ஜூலை நான் அயர்ந்து தூங்கினேன்.

அவள் பதில் பேசவில்லை.
குடையை நேராக்கி என் கையில் கொடுத்தாள்.
பேருந்து நிலையம்வரை வந்தாள், எப்போதும்போல.
கையசைத்தாள், எப்போதும்போல.
பிறகு ஒரு வருடம்.

இப்போது நிகழ்ச்சிநிரல் மேசைமேல்.
என் விரலின் ஆரஞ்சுத்தோல் எண்ணெய் பட்டு
வியாழன் முழுவதும் கண்ணாடித்தாளாகிவிட்டது,
வெள்ளி தெரிகிறது அதன் வழியே.

பகலெல்லாம் வளையத்தில் போட்டுப் பார்க்கிறேன்:
பெருசு கப்பலுக்கு, சிறுசு சாறுக்கு,
அடிபட்டது கீழ்க்கூடைக்கு.
போவதா வேண்டாமா,
இதற்கு எந்த அளவிலும் வளையம் இல்லை.

"எல்லாம் போனிலேயே கிடைக்குதே அம்மா"
என்கிறான் தார்யோ.
கிடைக்கிறது. மூன்று பார்த்தேன்.
ஒருவரும் தப்பான இடத்தில் சிரிக்கவில்லை.

நேற்றிரவு இருக்கை வரைபடத்தைத் திறந்தேன்,
சும்மா பார்ப்பதற்கு.
விற்றது சாம்பல், விற்காதது பச்சை.
ஏழாம் வரிசையில் பன்னிரண்டு சாம்பல்,
இருபத்திரண்டு படத்துக்கும்.
பதினான்கு, பதினைந்து, கடைசிவரை சாம்பல்.
பதின்மூன்று மட்டும் பச்சை.

பதின்மூன்று.
இங்கே யாரும் விரும்பி வாங்காத எண்.
அதனால்கூட இருக்கலாம்.

ஒசோரியோவிடம் என்ன சொல்வது?
முழங்காலுக்கு வைத்தியம் என்றா?
ஒரு சிரிப்பை இன்னொரு தடவை
பக்கத்திலிருந்து கேட்க வேண்டும் என்றா?

தொடாமல் விட்டால் திரை தானாக அணைந்துவிடும்.
இருமுறை அணைந்தது.
இருமுறை தட்டி எழுப்பினேன்.

பிறகு அலமாரிமேல் இருந்த பயணப்பையை இறக்கினேன்.
முடிவெடுத்துவிட்டதால் அல்ல.
அவள் குடை அதற்குள்தான் இருக்கிறது,
ஒரு கம்பி இன்னும் வளைந்தபடி.