அக்கறை உள்ளவர்

வண்ணார்பேட்டை, மூன்றாம் மாடி.
கீழே பைபாஸில் நாகர்கோவில் பேருந்து
ஆள் கூவிக்கொண்டிருந்தது.
மேஜையில் ஐந்து கோப்பு, ஐந்து தண்ணீர் பாட்டில்,
ஒரு தட்டில் பருப்பு வடை.
நான் கம்பெனி செக்ரட்டரி. வடைக்கும் நான்தான் பொறுப்பு.

பணகுடிக்குத் தெற்கே எங்களுக்குப் பதினேழு காற்றாலை.
இன்னும் நான்கு நட வேண்டும்.
அதற்குப் பன்னிரண்டு ஏக்கர்,
உடைமரம் தவிர எதுவும் முளைக்காத செம்மண்.
ஏக்கர் முப்பத்தெட்டு லட்சம் என்று
நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது பொருள்.
விற்பவர்: சி. ஆவுடையம்மாள்.
அந்த 'சி.'
தலைமை நாற்காலியில் உட்கார்ந்து
வடையைப் பிட்டுக்கொண்டிருந்தது.

"அக்கறை உள்ள இயக்குநர்கள்
இந்தப் பொருளில் கலந்துகொள்ளலாகாது."
வாசித்தேன். குரல் என்னுடையது,
வாக்கியம் டெல்லியில் யாரோ எழுதியது.

சிவனணைந்த பெருமாள் எழுந்தார்.
இந்த மாடி அவருடையது, இந்த ஏசி,
என் சம்பளம், ஆடிக் காற்று நன்றாக வீசினால் என் போனஸ்.
குனிந்து செருப்பைத் தேடினார்.
மச்சினர் குற்றாலலிங்கம் பின்னாலேயே போனார்.
கதவை நான் சாத்தினேன்.
சாத்தும்போது கை நடுங்கியது
குறிப்பேட்டில் இல்லை.

ஆதாயம் என்று எழுதியிருக்கலாம்.
அக்கறை என்று எழுதிவிட்டார்கள்.
அக்கறை உள்ளவரை வெளியே நிறுத்திவிட்டு
அக்கறை இல்லாத இருவரிடம் கேட்கிறது சட்டம்:
இது கம்பெனிக்கு நல்லதா?

"கோரம் இருக்காம்மா?"
"ரெண்டு பேர், இருக்கு சார்."
தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு.
யாரும் சிரிக்கவில்லை.

மைதீன் பிச்சை, மேலப்பாளையம்.
மின்வாரியத்தில் முப்பத்தோரு வருடம்,
டிரான்ஸ்ஃபார்மர் முனகலை வைத்தே சீக்கு சொல்வார்.
ரோசாலி அருமைநாயகம், பாளையங்கோட்டை.
வங்கிக்கு ஈடாக வந்த எத்தனையோ தரிசை
வெயிலில் நடந்து பார்த்தவர்.

"பக்கத்து நிலம் என்ன விலைக்குப் போச்சு?"
"பத்தொன்பது, மேடம்."

இயக்குநர் கேட்க வேண்டும் என்று
ஒரு பிரிவு இருக்கிறது.
கேட்கவைக்கிற பிரிவு எதுவும் இல்லை.

மின்விசிறி இல்லாத அறையில்
தாள் ஒன்று அசைந்தது, அல்லது அசைந்ததாக நினைத்தேன்.
சாந்து பூசிய மாதிரி மங்கிய கண்ணாடிக் கதவில்
வெள்ளை வேட்டி ஒன்று
இடமும் வலமும் போய்க்கொண்டிருந்தது.

"வேற ஆளை வச்சு மதிப்புப் போடச் சொல்வோம்"
என்றார் ரோசாலி.
மைதீன் பிச்சை தலையாட்டினார்.
தலையாட்டலை எழுத முடியாது. "ஆமாம்னு சொல்லுங்க சார்."
"ஆமாம்."
ஏழு நிமிடம்.

கதவைத் திறந்தேன்.
"என்னம்மா ஆச்சு?"
"ஒத்திவச்சிருக்கு சார்."
மிச்ச வடையை எடுத்துக்கொண்டார்.
கேட்டிருப்பார்.
கதவு எவ்வளவு கனமாக இருக்க வேண்டுமென்று
சட்டம் சொல்லவில்லை.
அடுத்த கூட்டத்தில், தலைவர் என்ற முறையில்,
அந்தப் பக்கத்தின் அடியில்
பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசியில் மைதீன் பிச்சையின் தவணை முடிந்தது.
இரண்டாம் தவணைக்கு யாரும் முன்மொழியவில்லை.
ஒரு சால்வை, ஒரு நன்றிக் கடிதம்.
கடிதத்தை எழுதியவள் நான்.
"தங்கள் மேலான ஆலோசனைகள்" என்ற இடத்தில்
சற்று நேரம் நின்றேன், பிறகு தட்டச்சினேன்.
முப்பது நாளுக்குள் படிவம் அனுப்பியாயிற்று.
புதியவர் சென்னைக்காரர்,
முதலாளியோடு கல்லூரியில் ஒரே பெஞ்சு.
சட்டம் உறவைத்தான் கேட்கிறது,
பெஞ்சைக் கேட்பதில்லை.

மாசியில் ஐந்தாவது பொருள் திரும்பி வந்தது.
மண் அதேதான். ஆவுடையம்மாள் அதே ஆவுடையம்மாள்.
விலை இருபத்திரண்டு.
ரோசாலி கண்ணாடியைத் துடைத்து
இரண்டு முறை படித்துவிட்டு
சரி என்றார்.
அந்த வேட்டி மறுபடி கதவுக்கு வெளியே நின்றது,
இந்த முறை நடக்கவில்லை.

பங்குதாரர்கள் மூவாயிரத்துச் சொச்சம்.
வள்ளியூரில் ஒருவர், மருந்துக்கடை, இருநூறு பங்கு.
வருடா வருடம் எழுதுவார்.
நேற்று வந்த கார்டு:
"டிவிடெண்ட் இன்னும் வரவில்லை.
உள்ளே உட்கார்ந்து
என்னதான் செய்கிறீர்கள்?"

பெறப்பட்டது என்று முத்திரை குத்தி
தேதி போட்டேன்.