நீளமான பெயர் முதலில்

மாரிபோர் நீதிமன்றம், இரண்டாம் மாடி.
தியாஷா சாட்சிகளின் பெயர்களை அழிக்கிறாள்.
வெளியே பனிமூட்டத்தில் திராவா ஆறு,
அதுவும் இன்று பெயரில்லாமல்தான் போகிறது.

இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் எண்.
ஆனா என்றால் 1.
கணவன் இவான், 2.
மகள் இவானா, 3.
ஒரு செயற்கூறு, நானூறு பக்கம்.
காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

பிறகு வாசித்தாள்.

"இடது தோளில் ஆழமான ர்1, தையல் ஏழு."

அவர்கள் மொழியில் காயம் என்பது ரானா.
உள்ளே ஆனா இருக்கிறாள்.
உணவு, ஹ்ரானா. அதிலும் இருக்கிறாள்.
"மேசையில் ஹ்ர்1 தொடாமல் கிடந்தது."
மகள் இவ்1 ஆகியிருந்தாள்,
ஓடிவந்து அம்மாவின் எண்ணுக்குள்
பாதி ஒளிந்தவள்போல.

பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காதே என்று
சொன்னதும் இவள்தான்.
அது பார்க்கவில்லை.

திருத்தினாள்.
நீளமான பெயர் முதலில்.
சொல் தொடங்கும் இடம் பார், முடியும் இடம் பார்.
ஒவ்வொன்றாக வேண்டாம், ஒரே நடையில் போ,
மாற்றியதை மறுபடி தொடாதே.
வேற்றுமைகளையும் சேர்த்தாள்:
ஆனே, ஆனி, ஆனோ.
எழுவாயாக ஆனா வந்தது ஒன்பதே இடம்.
ஆனோ, நூற்றுப் பதினான்கு.
இரண்டாம் வேற்றுமை.
ஆனாவை.

மறுபடி ஓட்டினாள்.
எண்கள் எண்களாக நின்றன.
"இடது தோளில் ஆழமான ரானா, தையல் ஏழு."

சுட்டியை அந்தச் சொல்மேல் வைத்தபடி
கொஞ்ச நேரம் இருந்தாள்.
அது யாருடைய பெயரும் இல்லை.
மறைக்கச் சட்டத்தில் இடமில்லை.