இரண்டு இடக்கைகள்

மூன்றாவது ஸ்பேனரும் கடலுக்குள் போன அன்று
முடிவு செய்தேன்.

கான்கார்னோ துறைமுகத்தில்
மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் குழிக்குள் தலைகீழாய்த் தொங்குவதும்
விளிம்பில் கவிழ்ந்து கிடப்பதும் என் பிழைப்பு.
பட்டறை தரும் நீலக் கோட்டோ
யாரோ ஓர் ஆறடி ஆணை நினைத்து வெட்டியது.
தோள், என் முழங்கையைப் பார்த்து வழியும்.
குனிந்த மாத்திரத்தில் மேல் பாக்கெட்
எல்லாவற்றையும் கக்கிவிடும்:
பென்சில், டார்ச், பதின்மூன்றாம் எண் ஸ்பேனர்.

"நீ இன்னும் கொஞ்சம் வளரணும், அஸிலிஸ்" என்றான் யூவன்.
எனக்கு முப்பத்தொன்பது வயது.

ஒரு சனிக்கிழமை
பழைய கோட்டைத் தையல் தையலாகப் பிரித்தேன்.
எஞ்சினைக் கழற்றுகிற மாதிரிதான்.
எது எதன்மேல் உட்கார்ந்திருந்தது என்று
சாக்பீஸால் எண் போட்டு
சமையலறைத் தரையில் பரப்பினால்
பதினோரு துண்டுகள்.
தட்டையாய் ஓர் ஆண்,
குளிர்பெட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே.

அவனைச் செய்தித்தாளில் வரைந்து
தோளில் நான்கு விரல் கழித்தேன்.
பாக்கெட்டுக்கு என்னை அளக்கவில்லை,
ஸ்பேனரை அளந்தேன்.
அதற்கு மேலே ஒரு மூடி, மூடிக்கு ஒரு பொத்தான்.
பொத்தான் வரிசை ஆண் பக்கமா பெண் பக்கமா
என்ற கேள்வி வந்தது.
எந்தக் கையில் கிரீஸ் குறைவோ
அந்தக் கைக்கு வாகாக வைத்தேன்.

டிரில் துணி முரட்டுத்தனமானது.
காலர் சேரும் இடத்தில் ஆறு மடிப்பு;
மிஷின் முனகி நின்றது.
சுத்தியல் எடுத்து மடிப்பை அடித்துத் தணித்தேன்.
கீழ் வீட்டு மதாம் கெர்லோ படியேறி வந்தாள்.
"அலமாரி செய்கிறாயா?"
"இல்லை, காலர்."
கொஞ்ச நேரம் நின்றாள். கதவைத் தானே சாத்திக்கொண்டு போனாள்.

இரவு ஒன்றரைக்குக் கைகளைப் பொருத்தப் போனேன்.
இடது கை தோளில் அழகாய் ஏறி உட்கார்ந்தது.
வலது கை
எப்படித் திருப்பினாலும் முதுகைப் பார்த்தது.
துணி மிச்சம் பிடிக்க ஒவ்வொன்றாக வெட்டியிருந்தேன்,
தாளைப் புரட்டிப் போடாமல்.
இரண்டும் இடக்கை.

மிச்சமிருந்த நீலத்தில்
கைக்குட்டை வேண்டுமானால் தைக்கலாம்.
ஞாயிறு, திங்கள் கடை கிடையாது.
திங்கள் காலை ஆறு மணிக்கு
ஒரு இழுவைப் படகு எனக்காகக் காத்திருக்கும்.

பால்கனியில் சாய்வு நாற்காலி,
செப்டம்பரிலிருந்து மழையை மட்டும் தாங்கியபடி.
மஞ்சளும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட கெட்டித் துணி.
அதைப் பார்த்தேன்.
அது என்னைப் பார்த்தது என்று சொல்ல மாட்டேன்,
நாற்காலி அது.
ஆணிகளைப் பிடுங்கினேன்.

திங்கட்கிழமை யூவன்
சிரிப்பதற்கென்றே காபியைக் கீழே வைத்தான்.
எந்த சர்க்கஸ், எத்தனை மணிக் காட்சி,
யானை உண்டா.
நான் குழிக்குள் இறங்கினேன்.
குனிந்தேன். இன்னும் குனிந்தேன்.
ஒன்றும் விழவில்லை.

அந்த வாரத்திலிருந்து
மேல்தளத்தில் யாரும் 'யார் கேட்பது' என்று கேட்பதில்லை.
இருட்டிலிருந்து பட்டை போட்ட கை ஒன்று நீளும்;
அதில் பதின்மூன்றை வைப்பார்கள்.
பேசவே வேண்டாம், எஞ்சின் சத்தத்தில் அதுவே பெரிய வசதி.

பிப்ரவரியில் புகைக்குழாய் மேல் சாய்ந்து
இடது முழங்கை கருகியது.
அலமாரியின் அடித்தட்டில்
ஒரு இடக்கை, புதுசு, அளவு சரி.
பட்டறையில் உதிரிபாகம் இவ்வளவு சீக்கிரம்
எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.
பிரித்து மாட்ட ஒரு மாலைப் பொழுது ஆயிற்று.
பழைய நீலத்துக்குப் பக்கத்தில் புது நீலம்
சற்றுத் திமிராகத் தெரிகிறது. வெளுத்துவிடும்.

பால்கனியில் நாற்காலியின் சட்டம் மட்டும்.
மழை அதன் வழியே நேராக விழுகிறது.
மே மாதம் வரட்டும்,
பார்க்கலாம்.