தடைக்காலத்துக் குளிர்

சிப்காட்டில் எனக்கு வேலை
புளிப்பை அளப்பது.
ஆலைக்கழிவில் கண்ணாடிக்கோல் தோய்த்து
எண் பார்த்து எழுதுவேன்.
ஏழுக்குக் கீழே இறங்கினால்
சுண்ணாம்புக் கரைசலைத் திறந்துவிடச் சொல்வேன்.

மாலையில் வண்டிப்பாளையம் வந்து
மொட்டைமாடியில்
நேரெதிர் வேலை.
பாதியாய் வெட்டிய நீல டிரம்களில்
மண்ணைப் புளிக்க வைக்கிறேன்.
கேப்பர் மலைச் செம்மண்,
வெள்ளிக் கடற்கரையில் கூட்டி அள்ளிய சவுக்குச் சருகு,
உரக்கடைக் கந்தகம் ஒரு கைப்பிடி.
போர்த்தண்ணீர் எட்டு புள்ளி ஒன்று.
ப்ளூபெர்ரிக்கு நாலரை வேண்டும்.
ஆகவே ஐப்பசி மழையை
மூடிபோட்டுச் சேமிக்கிறேன்.
குளிக்கவே தண்ணீர் இல்லாத வைகாசியிலும்
அந்த டிரம்மை யாரும் தொடக்கூடாது.
கணவர் அதற்கொரு பூட்டு வாங்கி வந்தார்,
கேலிக்குத்தான்.
பூட்டினேன்.

"நாவப்பழம் ரோட்டுல கொட்டிக் கெடக்கு,
மிதிச்சிட்டுதானே வர்றீங்க?"
கீழ்வீட்டு தெய்வநாயகி கேட்டதற்கு
இன்னும் பதில் சொல்லவில்லை.

கொடைக்கானலிலிருந்து பார்சலில்
கிவிக்கொடி இரண்டும் வந்தன.
மயிரில்லாத ஜாதி, திராட்சைப் பருமன்,
தோலோடு தின்னலாம் என்றார்கள்.
கழுத்தில் கட்டிய அட்டையில்
ஒன்றில் ஆண், ஒன்றில் பெண்.
வரன் பார்த்து அனுப்பியதுபோல் இருந்தது.

இரண்டு வருடம் இலை, இலை, இலை.
தூக்கம் பற்றவில்லை என்று பிறகுதான் படித்தேன்.
ஏழு டிகிரிக்குக் கீழே
ஆயிரம் மணிநேரமாவது உறங்கணுமாம்.
எங்கள் ஊர் மார்கழியோ
மின்விசிறி நிற்காத மார்கழி.

துறைமுகத்தில் ஐஸ் ஃபேக்டரி நடத்தும் செங்கேணி
தண்ணீர்ச் சான்றுக்கு எங்கள் ஆய்வகம் வருவார்.
கேட்டேன்.
"தடைக்காலத்துல வாங்க. போட்டெல்லாம் கரையில நிக்கும்.
ரூம்ல பாதி காலிதான்."

சித்திரை இரண்டாம் நாள்
மினி டெம்போவில் ஐந்து தொட்டிகள்
மீன்வாடை ஊறிய சாக்கைப் போர்த்திக்கொண்டு
உள்ளே போயின.
வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது.
வலையில் கிழிசல் பார்த்திருந்தவர்கள் நிமிர்ந்து
"செடிக்குமா தடைக்காலம்?" என்றார்கள்.

அறுபத்தொரு நாள்.
இருபத்துநாலால் பெருக்கிப் பார்த்தேன்:
ஆயிரத்து நானூற்று அறுபத்துநாலு மணி.
கரண்டு போன மூன்று இரவைக் கழித்தாலும்
மிச்சம்.

கத்திரி வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது
இந்நேரம் அங்கே இலை உதிரும் என்று நினைப்பேன்.
முதுகில் ஒரு கோடு மட்டும் சில்லென்று இறங்கும்.

விசைப்படகுகள் கடலுக்குப் போன விடியலில்
வெறும் குச்சிகளாய் வெளியே வந்தன.
ஒரு வாரம் நிழலில் நின்றபின்
கண் திறந்தன.

கிவியில் பூ.
இரண்டு கொடியிலும், வெள்ளையாய், கவிழ்ந்து.
தூரிகையோடு குனிந்து பார்த்தேன்.
ஆண் என்று அட்டை கட்டியதன் நடுவிலும்
நட்சத்திரமாய் விரிந்த சூல்முடி.
இரண்டும் பெண்.
மாடியில் தனியாக நின்று சிரித்தேன்.
அட்டைகளை அவிழ்த்துவிட்டேன்.
பந்தல் போதாமல் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு
இப்போது எந்தக் கிளை எதனுடையது
என்று தெரிவதில்லை.

ப்ளூபெர்ரி பதினொன்று காய்த்தது.
கொண்டைக்குருவிக்கு நாலு.
தெய்வநாயகிக்கு மூன்று, பதிலாக.
செங்கேணிக்கு இரண்டு.
மெதுவாக மென்றுவிட்டு
"களாக்கா இதவிட ஒரு வார்த்த கூடவே பேசும்" என்றார்.
வண்டியை எடுத்தவர் திரும்பிப் பார்த்து
"அடுத்த வருசமும் ரூம் இருக்கு."

எங்களுக்கு ஆளுக்கொன்று.
என்னுடையதைத் தின்னாமல் விரலில் நசுக்கினேன்.
சிவப்பும் ஊதாவுமாய்ச் சாறு.
மாடிக் குழாயில் கழுவப்போனால்
போர்த்தண்ணீர் பட்ட இடமெல்லாம்
சாயம் நீலமாகி
ஓரத்தில் பச்சை தட்டியது.

கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
எட்டு இருக்கும்.
எட்டுக்குச் சற்று மேலே.