ஜூலையில் திருத்தியது

தை மாதம். ஊதியூர் மலையடியில் மண்மேடு.
முள்வேலியில் சிக்கிய பாலித்தீன் பைகூட அசையவில்லை.
த்ரீ நாட் த்ரீ, நாற்பத்திமூன்றாம் வருடத்துச் சாமான்.
முன்னூறு கெஜத்தில் ஏட்டு மயிலாத்தாள் ஐந்து ரவை சுட்டாள்.
ஐந்தும் இடப்பக்கம்.
"என்ர கண்ணுல கோளாறுங்களா?"
கண்ணென்றால் சிதறியிருக்கும்.
இவை ஒரு சாண் அகலத்துக்குள்
சேர்ந்தே தப்பியிருக்கின்றன.

முன்குறியின் இரண்டு காதுகளுக்கு நடுவே
நெல்லளவு பருமனில்லாத தகடு.
லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
யாரோ ஊசியால் கீறிய நடுக்கோட்டை விட்டு
வலப்பக்கம் ஒதுங்கி நின்றது.

பதிவேட்டில் எனக்கு முந்தின ஆர்மரர்
காளியண்ணன் கையெழுத்து:
'ஜூலை 29. வலம் போகிறது. திருத்தியாச்சு.'

ஜூலை.
பாலக்காட்டுக் கணவாய் திறந்துவிட்ட காற்று
தென்னைகளையெல்லாம் கிழக்கே சாய்க்கிற மாசம்.
மனுசன் காற்றைத் திருத்தி
இரும்பில் அடித்து வைத்திருக்கிறார்.
ஆறு மாசமாய் இது
இல்லாத காற்றுக்கு எதிராகச் சுட்டுக்கொண்டிருக்கிறது.

முன்குறிக்குக் கணக்கு வேறு:
குண்டு தப்பிய பக்கமே
குறியையும் தள்ள வேண்டும்.
பித்தளைத் துண்டு வைத்து
இடப்பக்கமாக மூன்று தட்டு.
மூன்றாவது, பாதித் தட்டு.

மறுபடி சுட்டாள். கருவட்டத்தில் நாலு.
"அஞ்சாவதுக்கு இருமல் வந்துருச்சுங்க."

தேதிக்குப் பக்கத்தில் எழுதினேன்:
காற்று இல்லை.